நாலு இஞ்ச் கூரை

ஷைனி முதல் செமஸ்டரில் வரைந்த பஸ் நிழற்குடையைப் பார்த்து, மாணவர்களின் வரைபடங்களை மதிப்பிட ஜூரியாக வந்திருந்த ஒரு ஆள், "எருமை மாடு நிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார். அன்றைக்கு அந்த ஆளின் வாயை யாராவது அடைத்திருந்தால் இதை நான் எழுதவேண்டி வந்திருக்காது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பேகம்பூரில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் கோபத்தில் பாதி என்மேலேயே இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஹாஸ்டலில் ஒரே அறை. அந்த நிழற்குடைக்காக அவள் நாகல்நகரில் போய் வெயிலில் நின்று, உண்மையான தூண்களை டேப் வைத்து அளந்துவந்தாள். ஒரு அடிக்கு ஒரு அடித் தூண், ஆறு இஞ்ச் கூரை. எல்லாம் சரியான அளவு. சரியாக இருந்ததற்குத்தான் எருமை என்ற பெயர் கிடைத்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்ததும் என்னிடம், "ருக்சு, இனிமே என் கட்டடத்துல கனம்ங்கிற பேச்சே வராது" என்றாள்.

வரவில்லை. அடுத்த வருடம் ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்கு நடுவில் ஒரு ஆரம்பப் பள்ளி வரைந்தாள். ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் வகுப்பறைகள் மரங்களுக்கு இடையில் வளைந்து போயின. நிஜமாகவே அழகாக இருந்தது. எனக்குப் பொறாமையில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அதில் தூண் ஒன்பது இஞ்சாக இளைத்திருந்தது. மூன்றாம் வருடம் ஆறு இஞ்ச். கட்டடம் பாரம் தாங்குகிற கணக்கைச் சொல்லும் ஸ்ட்ரக்சர் பாடத்தில் அவளுக்கு எண்பதுக்குக் குறைந்து மார்க் வந்ததில்லை. அந்தப் பாடம் காலையில் நடக்கும், டிசைன் மத்தியானம் நடக்கும். இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லவுமில்லை, எங்களுக்குத் தானாகத் தோன்றவுமில்லை.

நான்காம் வருடம் நிலக்கோட்டைக்கு ஒரு பூ மார்க்கெட். அதன் முன்பக்கக் கூரை தூணே இல்லாமல் பத்தடி நீண்டு நிற்கும். பூ வேன்கள் பின்னோக்கி வந்து அதற்குக் கீழே நிற்கலாம், பெண்கள் நிழலில் உட்கார்ந்து பூப் பிரிக்கலாம். மாடல் செய்தபோது கூரைக்கு இரண்டு மில்லிமீட்டர் அட்டையை வெட்டி ஒட்டினாள். பெவிகால் ஈரம் இறங்கியதும் கூரையின் முன் ஓரம் மெல்லத் தலை குனிந்தது. ஒட்டிப் பார்த்தோம், மறுபடியும் குனிந்தது. "சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை அட்டைக்குள்ள சொருகுடி, யாருக்குத் தெரியப்போகுது" என்று சொன்னது நான்தான். சொருகினோம். மேலே வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தோம். ஜூரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "பறக்குது" என்றது. கல்லூரியில் அதற்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

அந்தப் பரிசு அவள் வீட்டில் என்ன செய்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். அவள் அப்பா ஞானதாஸ் சார் பள்ளிக்கூட வாத்தியார். "படம் போடுறதுக்கா அஞ்சு வருஷம்?" என்று பார்க்கிறபோதெல்லாம் கேட்பார். அவள் பக்கம் நின்ற ஒரே ஆள் தாய்மாமன் அந்தோணிராஜ். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறார், ஊர்க்காரர்களின் பூவையும் வாங்கி வேனில் ஏற்றி அனுப்புகிறார். "என் மருமக வரைஞ்சு ஊரே பாக்கும்ய்யா" என்று அப்பாவிடம் சண்டை போட்டு அவளைச் சேர்த்துவிட்டதே அவர்தான். பரிசு வந்த அன்றோடு அப்பா அந்தக் கேள்வியை விட்டார், மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைசி வருடத்தில் ஆறு மாதம் வெளியில் பயிற்சிக்குப் போகவேண்டும். அவள் கோயம்புத்தூர் போனாள். அந்தப் பூ மார்க்கெட் மாடல் மேட்டுப்பட்டியில் அவள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஈஸ்டருக்கு வந்த மாமா அதை ஒரு துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. மாமாவின் பூ ஷெட். சவுக்குக் கம்புகள் முட்டுக்கொடுத்து நிற்க, மேலே அப்போதுதான் போட்ட ஈரக் கான்கிரீட். பத்தடி நீண்ட, தூணில்லாத கூரை. அதை எனக்கு அனுப்பி, "கனத்தை மட்டும் பாரு" என்று எழுதியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். தூண் வைத்த பஸ் நிழற்குடைக்கே ஆறு இஞ்ச், இது நாலைத் தாண்டாது.

நான் சொல்லி அவள் மாமாவுக்குப் போன் போட்டாள். நானும் லைனில் இருந்தேன்.

"மாமா, இஞ்சினியர் யாரு பாத்தாங்க?"

"இதென்ன கேள்வி பாப்பா? நீ பாத்துட்டேல்ல. பரிசு குடுத்த வாத்தியாருக அம்புட்டுப் பேரும் பாத்துட்டாகள்ல. அப்பறம் என்னா?"

அவள் வாயெடுக்குமுன் மாமாவே தொடர்ந்தார்.

"ஒங்கப்பன் வந்து பாத்தாரு. வாயத் தொறக்கல. அவரு மூஞ்சிய நீ பாத்துருக்கணும்" என்று மாமா சிரித்தார்.

"சரிங்க மாமா" என்று அவள் வைத்துவிட்டாள். நான் திட்டின திட்டுக்கு அளவில்லை. "எப்படியும் கொத்தனார் உள்ள கம்பி கூடத்தான் போட்டுருப்பாரு" என்றாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. முட்டு எடுப்பதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். இன்றைக்கு, நாளைக்கு என்று பதினாறு நாள் ஓடியது. மாமாவுக்கு நானே ஒரு போன் போட்டிருக்கலாம். அது அவர்கள் குடும்பத்து விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு வாய் பேசுகிறவள் அப்போது ஊமையாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் போய் இறங்கியபோது முட்டு எல்லாம் எடுத்தாகிவிட்டது. சர்ச்சில் பூசை முடிந்து சாமியார் ஷெட்டை மந்திரிக்க வருவார் என்று விடியற்காலையிலேயே உருவிவிட்டார்களாம். கூரைக்குக் கீழே பாய் விரித்து, பூப் பிரிக்கிற பெண்கள் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாக்குச் சாக்காக மல்லிகை.

கொத்தனார் பொம்மையன் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவர் கையில் அந்த மாடல்.

"பாப்பா, ஒன் அட்டைய டேப்பு வச்சு அளந்தேன். ரெண்டு மில்லி. அளவு அம்பதுக்கு ஒண்ணுன்னு அடியில எழுதியிருந்துச்சு. பெருக்குனா பத்து சென்டி, நாலு இஞ்ச். நூல் பிசகாம எடுத்துருக்கேன், வேணும்னா அளந்து பாரு."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எழுதியிருந்ததை மதித்துச் செய்திருக்கிறார். மாடலில் அட்டையின் கனம் கட்டடத்தின் கனம் இல்லை, கடையில் அந்த அட்டைதான் கிடைத்தது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

மாமா எல்லோரையும் கூரைக்குக் கீழே போட்டோவுக்கு நிறுத்தினார். ஞானதாஸ் சார் புதுச் சட்டையில் நின்றார். ஷைனியின் அம்மா ஆனந்தமேரி பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, "வாடி, நீ இல்லாம என்ன போட்டோ" என்று கையை நீட்டினார்.

ஷைனி வெயிலில் நின்றாள். அவள் கால் நகரவில்லை. மாமா கூப்பிட்டார், அப்பா கூப்பிட்டார். அவள் கூரையின் நிழல் தரையில் முடிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அம்மாவுக்குத்தான் புரிந்தது. சிரிப்பு போய், மெதுவாக மேலே பார்த்தார்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றாள் ஷைனி. "நான் கணக்கே போடல மாமா. அது அழகுக்கு வரைஞ்சது. அந்த அட்டையே நிக்கல. உள்ள கம்பி சொருகித்தான் நிக்க வச்சோம்."

பொம்மையன் மாடலின் வெள்ளைத் தாளை நகத்தால் கிழித்தார். ஸ்போக்ஸ் கம்பி தெரிந்தது. அவர் கூரைக்குக் கீழே போய் ஒவ்வொரு பெண்ணாகத் தோளைத் தட்டி எழுப்பினார். பாதி பிரித்த பூவோடு அவர்கள் சாலைக்கு வந்தார்கள், ஷைனியின் அம்மாவும் அப்பாவும் கூடவே. நான் பூச்சாக்குகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன், எதற்கு என்றே தெரியாமல்.

"முட்ட எடுத்துட்டு வாங்கய்யா" என்று பொம்மையன் கத்தினார். காலையில் உருவிய கம்புகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. ஒன்றைத் தூக்கி முன் ஓரத்துக்கு அடியில், அது முன்பு நின்ற அதே இடத்தில் நிறுத்தப் பார்த்தார். கம்பு ஏறவில்லை. அடியில் வைத்திருந்த ஆப்பை எடுத்துப் பார்த்தார். அப்போதும் ஏறவில்லை.

"காலைல இதே எடத்துலருந்துதான் உருவுனேன்" என்றார். கம்பு வளரவில்லை, கூரைதான் இறங்கியிருந்தது. ரம்பம் வந்தது. இரண்டு விரற்கடை அறுத்தார். மாமா ஒரு பக்கம் பிடிக்க, இருவருமாக மறுபடி நிறுத்தினார்கள். நுனி கூரையில் இடித்துக்கொண்டு சாய்ந்தே நின்றது. ஏறவில்லை.

பொம்மையன் கம்பைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். மாமா வரவில்லை. கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் விரிசல் ஒன்று ஓடியிருந்தது, அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிடிப்பதற்குள் ஷைனி உள்ளே போய்விட்டாள். அவர் சட்டையைப் பிடித்து, இரண்டு கையாலும் இழுத்து, சாலைவரைக்கும் கூட்டிவந்தாள்.

மாமா புளியமரத்தடியில் உட்கார்ந்தார். ஷைனியைப் பார்த்துக் கேட்டார்.

"போன்லயே சொல்லியிருக்கலாம்ல பாப்பா?"

"படம் போடுறதுக்குத்தான் இந்தப் படிப்புன்னு அப்பா சொன்னதே சரின்னு ஆயிரும்னு நெனச்சேன் மாமா."

"நான் ஒன்னையத்தானே நம்புனேன். ஒன்னைய நம்பித்தான் அம்புட்டுப் பேரையும் கொண்டாந்து அதுக்குக் கீழ ஒக்கார வச்சேன்."