கடலில் போட்ட முட்டை

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஓர் அறையை வேலைக்குப் போகும் பிள்ளை ஒருத்திக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தேன். முதலில் ஒரு குறையும் இல்லை. பிறகு வயர், பற்றரி, சிவப்பு பல்ப் என்று பைகளில் கொண்டுவரத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதிகள் இரண்டு பேர் வருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பார்கள்.

எனக்கு நேரே கேட்கக் கூச்சம். தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் கேட்டேன்.

"என்ன பிள்ளை செய்யிறியள்?"

"படம் எடுக்கிறம் அன்ரி. எங்களுக்குப் பிடிச்ச படமொண்டு இருக்கு, அதுக்கு அடுத்த கதையை நாங்களே எடுக்கிறம். வேற்றுக்கிரகத்து முட்டையொண்டு கனகாலம் நித்திரையாக் கிடந்து இப்ப எழும்பிட்டுது."

"ஆர் பாக்கிறதுக்கு?"

"எங்களைப் போல படப்பைத்தியம் பிடிச்ச விசருகள்தான்." மற்றவர்கள் சிரித்தார்கள்.

சம்பளமில்லாமல் யார் படம் எடுப்பார்கள்? நான் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் ஆமி வீடு வீடாகச் சோதித்த சுற்றிவளைப்புக் காலத்திலும் இதே வீட்டில் இருந்தவள். பழைய ரேடியோ வயருக்காகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டுபோனதைப் பார்த்தவள். சந்தேகமான சாமான் இருந்தால் சோதனைக்கு முதல் கடலில் போட்டுவிடுவோம். எங்கள் ஊரில் எடுத்த போட்டோக்களைக்கூட நான் அப்படிப் போட்டிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு அறை கூட்டப் போனேன். கட்டிலுக்குக் கீழே, துவாயில் சுற்றி, பலாக்காய் அளவில் ஒன்று. உள்ளே சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. குண்டு என்று நான் நினைக்கவில்லை. பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பொலிஸ் வந்தால் அவளைக் கொண்டுபோவார்கள், என்னையும் கேட்பார்கள். கடையில் சாமான் வாங்கப் பழகிய என் சிங்களம் அதற்குக் காணாது.

மரக்கறிப் பையில் வைத்து, மேலே வல்லாரைக் கட்டுகளால் மூடினேன். ரயில் பாதையைக் கடந்து, கரைக் கல்லில் நின்று கடலில் போட்டேன். அது தாழவில்லை. மினுங்கிக்கொண்டே மிதந்து போனது.

பின்னேரம் அவள் கட்டிலுக்குக் கீழே தேடினாள்.

"அன்ரி, என்ர முட்டையைக் கண்டனீங்களோ?"

"கடலில போட்டிட்டன், பிள்ளை."

கட்டிலில் தொப்பென்று இருந்துவிட்டாள். "வாற ஞாயிறு அது எழும்புற காட்சி. நாலு மாசமாச் செய்தனான்."

"பொலிஸ் வந்தா?"

"இப்ப ஆர் அன்ரி வாறது?"

அவள் முதல் எடுத்த காட்சியைப் போனில் காட்டினாள். என் குசினி மேசையில் அந்த முட்டை மூச்சுவிட்டது. உண்மையாகவே படம்தான்.

அடுத்த நாளிலிருந்து அறையைப் பூட்டி, திறப்பைக் கொண்டுபோகிறாள். உள்ளே புது முட்டை செய்கிறாளோ, வேறு வீடு பார்க்கிறாளோ தெரியாது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது.