ஐந்தாம் மாடிக்கு மழைத்தண்ணீர்

ராடோவன் ஷெபெஸ்டா முப்பத்தொரு வருடம் செக் நாட்டின் ஓலமோட்ஸ் நகரத்தில் டிராம் ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஒரு நிறுத்தத்தை விட்டு அரை நிமிடம்கூட முந்திக் கிளம்பியதில்லை. பிந்தினால் அதற்குப் பனி காரணமாக இருக்கும், இல்லையென்றால் தண்டவாளத்தில் படுத்துக்கொண்ட குடிகாரன். அப்படிப்பட்டவர் அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், மீன் வளர்ப்போர் கூடும் மன்றத்தில், வெறும் ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, திருட வந்தவர் போலத் தயங்கி நின்றார்.

மேசைக்குப் பின்னால் இருந்த போஹுஷ் அவரைப் பார்த்துவிட்டார். போஹுஷுக்குத் தொழில் கொதிகலன் பழுதுபார்ப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இறால் விற்பார்.

"என்ன ராடா, மறுபடியுமா? போன மாசம் குடுத்ததை வெண்ணெயில வறுத்துத் தின்னுட்டியா?"

"செத்துப்போச்சு."

"எத்தனை?"

"எட்டும்."

போஹுஷின் சிரிப்பு பாதியில் நின்றது. வலையை எடுத்து, சுண்டுவிரல் நகமளவு சிவப்பு இறால்கள் ஆறைப் பாட்டிலில் விட்டார். "நாலு ஆண், ரெண்டு பொண்ணு. மெதுவா பழக்குய்யா. அவசரப்பட்டா போச்சு."

அவசரமா? ஷெபெஸ்டாவுக்கா?

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலில் இருந்தவற்றை ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, நடுவில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு சொட்டு விழும்படி இறுக்கினார். புது இறாலை நேராகத் தொட்டியில் போட்டால் தண்ணீர் மாறிய அதிர்ச்சியில் செத்துவிடும். தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் சேர்த்து, அதன் உடம்புக்குப் பழக்கிவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும். இரண்டு மணி நேரம் போதும் என்பார்கள். ஷெபெஸ்டா, டிராம் ஓட்டிய காலத்துக் கைக்கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரம் உட்கார்ந்தார். அந்த நேரத்துக்கு ரயிலேறி ப்ராகுக்குப் போய், மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

தொட்டிக்குள் பாசிமேல் கிழவி இருந்தாள். லிபுஷே வளர்த்த இறால்களில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

லிபுஷே அவருடைய மனைவி. போன வருடம் ஆகஸ்டில் மாரடைப்பில் போய்விட்டாள். பதினோரு வருடமாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த இறால் வம்சம் அவளுடையது. இரத்தச் சிவப்பு உடம்பு, முதுகில் தலைமுதல் வால்வரை மங்கலான பொன்கோடு. அவள் போனபோது அறுபதுக்குமேல் இருந்தன. ஷெபெஸ்டா ஒருநாள் தவறாமல் தீனி போட்டார், கண்ணாடியைத் துடைத்தார், தண்ணீர் குறைந்தால் குழாயைத் திறந்து பிடித்து ஊற்றினார். வயதானவை ஒவ்வொன்றாகப் போயின. குஞ்சுகள் பொரித்தும் தங்கவில்லை. கடைசி ஆணும் கோடையில் செத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது: லிபுஷே இருந்தபோது பொரித்தவற்றில் ஒருத்திதான் பாக்கி. இறாலுக்கு ஆயுசு ஒன்றரை வருடம், மிஞ்சினால் இரண்டு. கிழவியின் கழுத்துக்குப் பின்னால் முட்டைகள் மஞ்சளாகத் திரண்டு தெரிந்தன. அவளுக்கு ஓர் ஆண் துணை பிழைத்தால் வம்சம் பிழைக்கும். இல்லையென்றால் அவளோடு சரி.

செவ்வாய்க்கிழமை புது இறால்களில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. தலைக்குக் கீழே மேலோட்டைச் சுற்றி வெள்ளை வளையம். ஓடு கழற்றும்போது அது முதுகில் பிளக்காமல் வட்டமாக வெடித்தால் இறாலால் வெளியே வர முடியாது. போன முறையும் இதே வளையந்தான். சனிக்கிழமைக்குள் ஆறும் போயின. கிழவி மட்டும் ஒன்றும் நடக்காததுபோலப் பாசியை மேய்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் பாட்டிலை வெறுமையாகக் கொண்டுபோகவில்லை. தொட்டித் தண்ணீரை மொண்டு எடுத்துப் போனார்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா போன்ற ஒரு கருவியைப் போஹுஷ் அதில் முக்கினார். எண்ணைப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் முக்கினார்.

"எண்ணூறு. என் தொட்டியில இருநூறுய்யா. இது தண்ணியா, சுண்ணாம்புக் காளவாயா?"

"வெப்பம் சரியா இருக்கே. ஆறு மணி நேரம் சொட்ட விட்டேனே."

"அறுபது மணி நேரம் விட்டாலும் விஷத்துக்குத்தானே பழக்கினே? ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பெல்லாம் உள்ளேயே தங்கிடும். கெட்டில் அடியில படியுது பாரு, அதேதான். அது மேலயே குழாத்தண்ணியா ஊத்தினா? பழசுங்க கொஞ்சங்கொஞ்சமா தாங்கிப் பழகிடும். புதுசுங்க எப்படித் தாங்கும்?" கருவியை மூடினார். "ஏன்யா, லிபுஷே மழைத்தண்ணிதானே ஊத்துவா? நீ ஏன் நிறுத்தினே?"

"எந்த மழைத்தண்ணி?"

"என்னய்யா கேக்கறே? நீதானே தூக்கிட்டு வருவே. உங்க தோட்டத்துப் பீப்பாயிலேருந்து, சனிக்கிழமை சனிக்கிழமை, ரெண்டு கேன். இங்க வந்து எல்லார்கிட்டயும் அதே பெருமைதான் அவளுக்கு. 'லிஃப்ட் கிடையாது, அஞ்சாவது மாடி, என் ராடா ஒரு வாரம் தவறமாட்டார்'னு. உன் பேரே இங்க தண்ணித்தூக்கிதான்!"

பக்கத்து மேசைக்காரர்கூடத் தலையாட்டிச் சிரித்தார். ஷெபெஸ்டாவால் சிரிக்க முடியவில்லை.

தூக்கியது உண்மை. பதினோரு வருடம், கைக்குப் பத்து லிட்டர், முழங்காலைத் திட்டிக்கொண்டே. பால்கனியிலிருந்த ஜெரேனியச் செடிகளுக்கென்றுதான் தூக்கினார். முதல் வாரமே அவர் கேட்டிருந்தார், இது பூவுக்கா, உன் பூச்சிக்கா என்று. "பூவுக்குன்னா தூக்கறேன். அந்தப் பூச்சிங்களுக்குன்னா ஒரு சொட்டுகூடத் தூக்கமாட்டேன். மழைத்தண்ணி கேக்குதா? என்ன, ராணி வீட்டு இறாலா?" லிபுஷே ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, "பூவுக்குத்தான்" என்றாள்.

அவள் செத்த மறுவாரம் பூச்செடிகளை மூன்றாவது மாடி ஹவ்ரான்கோவா அம்மாவிடம் கொடுத்துவிட்டார். பூ இல்லை, தண்ணீர் எதற்கு? வசந்தத்தில் தோட்டத்தையும் விற்றுவிட்டார்.

மறுநாள் இரண்டு கேன்களோடு அந்தத் தோட்டத்து வேலிக்கு வெளியே போய் நின்றார். வாங்கியவள் ஷார்கா என்ற இளம்பெண். பிளம் மரத்தடியில் இலை வாரிக்கொண்டிருந்தாள். நீலப் பீப்பாய் அவர் வைத்த இடத்திலேயே கூரைத் தாழ்வாரத்தின்கீழ் இருந்தது.

"உங்க பீப்பாய்தானே ஐயா, வேணுங்கற அளவு எடுத்துக்குங்க. உறைபனி விழுந்தா தண்ணி உறைஞ்சு வெடிச்சிடும், அதுக்குள்ள கவுத்து வைக்கணும்னு இருந்தேன். எதுக்கு, பூச்செடிக்கா?"

"பூவுக்குத்தான்" என்றார் ஷெபெஸ்டா. சொன்ன பிறகு காது சுட்டது.

இப்போது வேலை தலைகீழ். பழக்கவேண்டியது புது இறாலை அல்ல, கிழவியை. எண்ணூறில் வாழ்ந்தவளைச் சட்டென்று இருநூறுக்கு இறக்கினால் அதுவே அவளைக் கொன்றுவிடும். காலையில் ஒரு குவளை பழைய தண்ணீரை எடுப்பார். முடிச்சுப் போட்ட குழாய் வழியாக மழைத்தண்ணீரைத் தொட்டியில் சொட்டவிடுவார். மாலையில் போஹுஷ் இரவல் கொடுத்த கருவியால் அளந்து பார்ப்பார். எழுநூற்றைம்பது. எழுநூறு. எடுத்துக் கொட்டிய ஒவ்வொரு குவளையும் லிபுஷே கை நனைத்த தண்ணீர். ஒருமுறை குவளையோடு கழுவுதொட்டியின்முன் ரொம்ப நேரம் நின்றுவிட்டுக் கொட்டினார். நடுவில் இரண்டு தடவை தோட்டத்துக்குப் போய்வந்தார். மூன்றாம் வாரம் எண் முந்நூறுக்குக் கீழ் வந்தது. கிழவி சாப்பிட்டாள், மேய்ந்தாள், முட்டை கழுத்தில் அப்படியே இருந்தது.

நவம்பர் முதல் ஞாயிறு மூன்றாவது தடவையாக இறால் வாங்கி வந்தார்: மறுபடியும் நான்கு ஆண், இரண்டு பெண். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. ஒன்றும் சாகவில்லை. ஷெபெஸ்டா பயறு சூப் வைத்துத் தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்து குடித்தார்.

வியாழக்கிழமை காலை நான்கு ஆண்களும் பைத்தியம் பிடித்ததுபோல நீந்தின. மேலே, கீழே, கண்ணாடி ஓரமாக, நிற்காமல். ஒரு பெண் இறால் ஓடு கழற்றினால் ஆண்கள் இப்படித்தான் தேடும். அதுதான் இணை சேரும் நேரம். மற்ற இரண்டு பெண்களும் இலைமேல் சும்மா இருந்தன. அப்படியானால் கிழவி! போஹுஷைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சுத்தறாங்கய்யா! நாலு பேரும் சுத்தறாங்க!"

"அப்போ கல்யாணந்தான்! கேக் வாங்கிட்டுக் கூப்பிடு. பொண்ணு எங்க?"

"தேடறேன், இரு."

போனைக் காதில் வைத்தபடியே பாசியை ஒரு குச்சியால் விலக்கினார். கிழவி அடியில், தண்ணீரைப் பதப்படுத்தப் போட்டிருந்த ஆல்டர் மரக்காயின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தாள். கால்கள் மெல்ல அசைந்தன. தலைக்குக் கீழே வெள்ளை வளையம்.

"ராடா? என்னய்யா? பொண்ணு கிடைச்சாளா?"

"கிடைச்சா" என்றார். போஹுஷ் கொதிகலன் ஆள், எங்கே விரிசல் என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். "நீ இறக்கினது சரியாத்தான் இறக்கினேய்யா. ஒரு வருஷத்து உப்பு அவ ஓட்டுல ஏறிப்போச்சு" என்றார்.

மதியம் கால்களும் நின்றன. ஆண்கள் அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் தேடிக்கொண்டிருந்தன. செத்த இறாலை லிபுஷே எடுக்கமாட்டாள். மற்றவை ஓடுவரை தின்று பலம் பெறட்டும் என்பாள். ஷெபெஸ்டாவும் எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை பார்த்தபோது அந்த இடத்தில் மரக்காய் மட்டும் கிடந்தது. ஆறு புது இறால்கள் அதைச் சுற்றி மேய்ந்தன. எதன் முதுகிலும் கோடு இல்லை.

தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. குழாயடியில் குவளையை வைத்தார். பிறகு அதை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கேன்களை எடுத்தார். திங்களன்று உறைபனி என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். ஷார்கா பீப்பாயைக் கவிழ்க்குமுன் போயாகவேண்டும்.

திரும்பி வரும்போது மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார். ஹவ்ரான்கோவா அம்மா குப்பைக்கூடையோடு கதவைத் திறந்தாள்.

"ஐயோ, ஷெபெஸ்டா ஐயா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? பூச்செடியெல்லாம் எங்கிட்டல்ல இருக்கு? இது எதுக்கு?"

"இறாலுக்கு."

"இறாலுக்கு மழைத்தண்ணியா! அஞ்சு மாடி ஏறி!" கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நல்ல மனுஷி, மனசில் ஒன்றுமில்லாத சிரிப்பு.

ஷெபெஸ்டா அவள் சிரித்து முடிக்கும்வரை, கடைசிப் பயணி இறங்கக் காத்திருப்பதுபோல, நின்றார். பிறகு கேன்களைக் கை மாற்றிக்கொண்டார். இன்னும் இரண்டு மாடி இருந்தது.