மச்சினனை இறக்கிவிட்ட இடம்

என் மனைவியின் தம்பி ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் ஆறு வருடம் வெல்டராக இருந்தான். நாங்களும் ஷார்ஜாவில்தான், முவைலாவில் இருக்கிறோம். காரில் கால் மணி நேரம்தான். அந்த ஆறு வருடத்தில் அவனை நான் எங்கேயும் அழைத்துப் போனதில்லை. லீவு நாளில் வருவான், சாப்பிடுவான், வீட்டில் எது உடைந்து கிடந்தாலும் சரிசெய்து கொடுத்துவிட்டு, தங்கியிருந்த கேம்ப்புக்குப் போய்விடுவான். விசாவை கேன்சல் செய்து ஒரேயடியாக ஊருக்குப் போக ஒரு வாரமே இருந்தபோதுதான் மனைவி பிடித்துக்கொண்டாள்.

அதே வாரத்தில் என் ஆபீஸ் ஆட்கள் ஒரு பயணம் போட்டிருந்தார்கள். எங்களில் ஒருவர் பெருவுக்குப் போய், இன்கா மக்கள் கட்டிய ஊர்களையும் மலைக் கிராமங்களையும் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்ததிலிருந்து மனிதருக்கு வாய் மூடவில்லை. அவ்வளவு தூரம் போக வக்கில்லாத எங்களுக்காக அவர் கண்டுபிடித்ததுதான் இது. மூன்று குடும்பம், மூன்று கார். காலையில் ஓமன் எல்லையைத் தாண்டி, பழங்காலக் கல்லறைகளையும் ஒரு மலைக் கிராமத்தையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது.

"தம்பியையும் கூட்டிட்டுப் போவோம்" என்றாள் மனைவி. பக்கத்தில் நின்ற அவன், "ஊர்ல கேட்டா என்னத்தச் சொல்லுவேன் அத்தான், கராஜையும் கேம்ப்பையுமா?" என்று சிரித்தான்.

எனக்கு இஷ்டமில்லை. அவனை என் மச்சினன் என்று ஆபீஸ்காரர்கள் முன்னால் நிறுத்த எனக்குக் கூச்சமாக இருந்தது. சத்தமாகப் பேசுவான். எவ்வளவு தேய்த்தாலும் அவன் நகக்கண்ணில் கரி போகாது. சாப்பிட்டு முடித்துத் திருப்தியாக ஒரு ஏப்பம் விடுவான். இவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

முடியாது என்று சொன்னால் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடக்கும். எனக்கு வேறொரு விஷயம் தெரிந்திருந்தது. அந்த எல்லையில் ரெசிடென்ஸ் கார்டில் என்ன வேலை என்று பார்ப்பார்கள். எஞ்சினியர், அக்கவுண்டன்ட் என்றிருந்தால் விசா கிடைக்கும். லேபர் என்றிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவன் செய்தது வெல்டிங் என்றாலும் கார்டில் இருந்தது லேபர்தான். நான் மறுத்தால் பழி என் தலையில். எல்லையில் உட்கார்ந்திருக்கிறவன் மறுத்தால் பழி அவனோடு போயிற்று.

"அதுக்கென்ன, தாராளமா வரட்டும்" என்றேன். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது எனக்கு நன்றாக வரும்.

அவன் கராஜ் முதலாளியிடம் கெஞ்சி, கம்பெனியில் இருந்த பாஸ்போர்ட்டை இரண்டு நாள் முன்னதாகவே வாங்கிவிட்டான். புதுச் சட்டை எடுத்தான். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய தூக்கில் நெய்மீன் குழம்பு வைத்துக்கொண்டு வந்தான். எங்கள் டிக்கியில் இடமில்லாததால் அது பெருவுக்குப் போய்வந்த அந்தப் பெருக்காரரின் வண்டியில் ஏறியது.

ஓமன் எல்லைக் கவுன்டரில் இருந்தவர் அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லேபர். மாஃபி" என்று அரபியில் இல்லையென்றுவிட்டு ஜன்னல் வழியே தள்ளிவிட்டார். நான் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் வாதாடினேன். மூன்றாவது வாக்கியம் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

மற்ற இரண்டு கார்களும் தாண்டிப் போயிருந்தன. நான் வண்டியைத் திருப்பி, எல்லைக்கு இந்தப் பக்கம் எமிரேட்ஸில் கடைசியாக இருந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன்.

"நாம வீட்டுக்கே போயிருவோம்" என்றாள் மனைவி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அங்க ரெண்டு குடும்பம் நமக்காகக் காத்துக் கிடக்கு."

"நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் இங்ஙன இருக்கேன்" என்று அவனே இறங்கினான். சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொன்னேன். ஏப்ரல் கடைசி வெயில். பங்கின் நிழல் ஒரு ஆள் அகலத்துக்கு இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கல்லறைகள் மலை முகட்டில் வரிசையாக, கூடை கவிழ்த்த மாதிரி நின்றன. உள்ளே ஒன்றுமில்லை. கிராமத்தில் மண் வீடுகள், மலைச் சரிவில் படிப்படியாகப் பேரீச்சந்தோட்டம், காலடியில் ஓடும் வாய்க்கால். "அப்படியே இன்கா சார், அப்படியே இன்கா" என்று பெருக்காரர் படிக்குப் படி சொன்னார். ஒரு பேரீச்ச மரத்துக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பு யார் வைத்தது என்று கேட்டார்கள். "வீட்டுச் சமையல்தான்" என்றேன். மனைவி சாப்பிடவில்லை. நான் இரண்டு முறை போட்டுக்கொண்டேன். அவ்வளவு ருசி.

திரும்பி வரும்போது அஸ்தமனம் ஆகியிருந்தது. அவன் பங்கை ஒட்டிய கஃபேடீரியா வாசலில் நின்றான். முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் கேட்டான்: "நல்லா இருந்துச்சா அத்தான்?"

"கல்லும் மண்ணும்தான்டே. நீ வராததே நல்லது."

கொஞ்ச தூரம் போனதும், "போட்டோ எடுத்திருப்பியள்ளா? எனக்கு அனுப்பி விடுங்க. கேம்ப் ரூம்ல காட்டணும்" என்றான்.

"நீதான் வரலையே" என்றாள் மனைவி.

"வந்தேன்னுதான் சொல்லப் போறேன். லேபர் விசாவுக்கு விடமாட்டான், போகாதன்னு நேத்தே அம்புட்டுப் பேரும் சொன்னானுவ. எங்க அத்தான் படிச்சவுக, எல்லாம் விசாரிச்சுத்தான் கூப்பிடுதாவன்னு அவனுவள ஏசிட்டு வந்தேன். இப்ப போயி இல்லன்னு சொன்னா, அத்தானைத்தான் தப்பாப் பேசுவானுவ."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "ரூம்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாமப் போச்சோ?"

பின்சீட்டிலிருந்து அவன்தான் பதில் சொன்னான்.

"அத்தான ஒண்ணும் சொல்லாதக்கா. தெரிஞ்சிருந்தா என்னக் கூட்டிட்டு வருவாவளா?"

வீடு சேர்ந்ததும் முதல் வேலையாகப் படங்களை அவனுக்கு அனுப்பினேன், நல்லதாகப் பதினொன்று பொறுக்கி.