நானூறு ரூபாய் மரியாதை

மூன்று வருடங்களுக்கு முன், மாங்காய் சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்பு, கொல்லங்கோட்டில் ஒரு வங்கியில் நடந்தது இது. எங்கள் ஊர் கோவிந்தாபுரத்துக்குப் பக்கம். செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு, தாண்டாவிட்டால் கேரளம். ரேஷன் கார்டு மலையாளத்தில், சண்டை சச்சரவெல்லாம் தமிழில் என்று வாழ்கிற குடும்பம் எங்களுடையது.

என் வீட்டுக்காரர் அப்போது இன்னொருவரின் சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். சீசனில் தோப்புகளிலிருந்து மாங்காய் லோடு, மற்ற நாட்களில் தேங்காயும் தீவன மூட்டையும். வண்டி புதிதாக வந்த நாளிலிருந்து அவர் கையில்தான். அதற்கு ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட இவ்வளவு பதற மாட்டார் என்று நான் கிண்டல் செய்வேன்.

வண்டி முதலாளி நல்ல மனிதர். மகள் கல்யாணச் செலவுக்காக வண்டியை விற்க முடிவு செய்ததும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "மொதல்ல உனக்குத்தான் தம்பி. நீ வேண்டாம்னு சொன்னாத்தான் வெளியாளுக்கு" என்றார். அன்று சாயங்காலம் இவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்க்க வேண்டுமே! அதுவரை பார்க்காத வண்டியைப் பார்ப்பது போல டயரையெல்லாம் தட்டிப் பார்த்தார்.

பால் விற்றுச் சேர்த்தது கொஞ்சம் இருந்தது. மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று இருவர் பேரிலும் விண்ணப்பம் கொடுத்தோம். எங்கள் வீட்டில் வரவு செலவு எல்லாம் என் பொறுப்பு. ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அயல்கூட்டத்திலும் பணப் பொறுப்பு என்னிடம்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கடன் கிடைக்காமல் போகும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

கிடைக்கவில்லை.

வங்கியில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மலையாளிப் பெண். சிறு வயதுதான். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சேச்சி, லோன் பாஸாகல. ஒரு கிரெடிட் கார்டுல குடிசிக கிடக்குது." பாக்கியை இந்தப் பக்கம் குடிசிக என்றுதான் சொல்வார்கள். நான் சட்டென்று இவரைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் எங்கேயோ கைநீட்டிக் கடன் வாங்கியிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பெண் மெல்ல, "சாரோடது இல்ல சேச்சி, உங்களோடது" என்றார்.

என்னுடையதா! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, பொள்ளாச்சியில் ஒரு கடையில் பிரிட்ஜ் வாங்கப் போனபோது, வேறொரு வங்கியின் கார்டு எடுத்துக்கொண்டால் விலை குறையும் என்றார்கள். எடுத்தேன். பிரிட்ஜ் பணத்தை ஒரு தவணை தவறாமல் கட்டினேன். கடைசித் தவணையில் மட்டும் நானூறு ரூபாயை வேண்டுமென்றே விட்டு வைத்தேன். பிறகு கார்டைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

"அதை ஏன் சேச்சி விட்டு வெச்சீங்க?" என்று அந்தப் பெண் கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏனுங்க, மொத்தமா முடிச்சுப் போட்டா மரியாதைங்களா? நாளைக்கு மறுபடியும் அவிய வாசல்ல போயி நிக்கோணுமில்லீங்க?" என்றேன்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவனக் கடையில் பல வருடக் கணக்கு எங்களுக்கு. எப்போது பணம் கொடுத்தாலும் கொஞ்சம் நிறுத்தித்தான் கொடுப்போம். சல்லிக்காசு மிச்சமில்லாமல் தீர்த்தால், இனி உன் கடைக்கு வரமாட்டேன் என்று முகத்தில் அடித்துச் சொல்வது போல. என் மாமனார் ஒரே ஒரு முறை அப்படித் தீர்த்தார். பருத்திக்கொட்டையில் மண் கலந்திருந்தது என்று கடைக்காரரோடு சண்டை. கடைக்காரர் மறுநாளே பதறியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சமாதானம் பேசினார். இந்தப் பழக்கத்தில் வந்தவள், வங்கிக்கும் அதே மரியாதையைக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அந்த நானூறு ரூபாய்க்கு மாதா மாதம் வட்டி, தாமதக் கட்டணம், அதற்கு வரி என்று ஏறி ஏறிச் சில ஆயிரங்கள் ஆகியிருந்தன. அதைவிட மோசம், கடனைக் கட்டாதவள் என்று ஒவ்வொரு மாதமும் என் பேரில் பதிவாகியிருந்தது. ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்திகளை விளம்பரம் என்று அழித்திருக்கிறேன். போனில் கூப்பிட்டவர்களை, கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தானே என்று பேச விடாமல் துண்டித்திருக்கிறேன்.

அன்றே பாக்கியைக் கட்டினேன். அந்தப் பெண் தன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, கார்டு கொடுத்த வங்கிக்கு என் சார்பில் புகார் எழுதிக் கொடுத்தார். தாமதக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. ஆனால் கெட்ட பேர் அவ்வளவு சீக்கிரம் போகாது, ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும் என்றார். வேறு நாலு வங்கியில் கேட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பினேன். அதையும் தடுத்தார். எங்கெங்கே கடன் கேட்டோம் என்பதும் பதிவாகுமாம். கேட்டுக் கேட்டு இல்லையென்று ஆனால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடுகிற ஸ்கோர் இன்னும் இறங்கும் என்றார்.

வண்டி முதலாளி எங்களுக்காக இரண்டு மாதம் பொறுத்தார். கல்யாணம் நெருங்கியது. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் முழுப் பணத்தோடு வந்து நின்றார். முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார், உட்காரக்கூட இல்லை. "உன்ற மேல எனக்குச் சந்தேகம் இல்ல அம்மிணி. எனக்கு வேற வழியில்ல" என்றார். அவரை என்ன சொல்ல முடியும்?

புது ஆளிடம் வண்டியைக் கொண்டுபோய் விடச் சொன்னதும் இவரைத்தான். காலையில் கழுவித் துடைத்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, செக்போஸ்ட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் அவருடைய துண்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருந்தன. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, "நெம்ப நாளைக்கப்பறம் பஸ்ல சன்னலோரமா உக்காந்து வந்தேன் அம்மிணி. நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொட்டகைக்குப் போய் அழுது தீர்த்தேன்.

மறுநாள் கார்டைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போடக் கத்தரிக்கோலை எடுத்தேன். அப்புறம் எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று அந்த வங்கிப் பெண்ணைக் கூப்பிட்டேன். "வெட்டாதீங்க சேச்சி. கெட்ட பேர் வாங்கின இடத்துலதான் நல்ல பேரும் வாங்கணும்" என்றார். அவர் சொன்னபடி நடந்தேன். கார்டில் தீவனம் மட்டும்தான் வாங்குவது. இவ்வளவு செலவு செய்யலாம் என்று வங்கி கொடுத்திருக்கும் அளவில் கால்வாசியைக்கூடத் தொடுவதில்லை. என் தம்பி புது போன் வாங்கக் கார்டைக் கேட்டான். தர மாட்டேன் என்றேன், கொஞ்ச நாள் பேசாமல் இருந்தான். குறைந்தபட்சத் தொகை என்று பில்லில் ஒரு சின்ன எண் ஆசை காட்டும். அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். பில் வந்த அன்றே முழுவதும் கட்டிவிடுவேன். முதல் சில மாதம், பாக்கி பூஜ்யம் என்று வரும்போது யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு வந்தது போல மனசு உறுத்தியது. போகப் போகப் பழகிவிட்டது.

என் பேர் சரியாகட்டும் என்று காத்திருந்த ஒன்றரை வருடமும் இவர் கிடைத்த வண்டியெல்லாம் ஓட்டினார். சில நாள் வண்டியே கிடைக்காது. தோப்பில் கூலிக்கு மாங்காய் சுமந்துவிட்டு வருவார். தோளில் காயத்தோடு வந்தாலும் மறுநாள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்.

வேறொரு வண்டிக்காக மறுபடி விண்ணப்பித்தபோது அந்த வங்கிப் பெண் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்தவருக்கு எங்களை யாரென்றே தெரியாது. திரையைப் பார்த்தார், தலையாட்டினார், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினார். அவ்வளவுதான். ஒன்றரை வருடப் பாடு இப்படிச் சப்பென்று முடிந்ததே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. பக்கத்தில் இவர் ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் கடனில் வாங்கிய எங்கள் சொந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தவணையும் தவறாமல் போகிறது. கார்டு பில் வந்தால் கடைசிப் பைசா வரை கட்டிவிட்டுத்தான் அன்றைக்கு அடுத்த வேலை. அக்கம்பக்கத்தார் என்னை ரொம்பக் கறார் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அந்தச் சாயங்காலத்தை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தெம்பில்லை.