சித்தப்பாவின் ஒரிஜினல் சீற்

“வெள்ளிக்கிழமை, பிரதோஷம். கொழும்பில், காலி வீதியில் ஆமி காரை மறித்தது” என்று என் போர்க்கால நாட்குறிப்பில் இருக்கிறது. கார் சித்தப்பாவுடையது, இங்கிலாந்தில் செய்த பழைய கார். அதன் தோல் இருக்கைகள் ஒரிஜினல் என்பதால் அவற்றின்மேல் பொலித்தீன், அதன்மேல் துணியுறை, அதற்கும்மேல் பெட்சீற் என்று போர்த்தி வைத்திருந்தார். அந்தத் தோலில் உட்காரும் உரிமை அவருக்கே இருக்கவில்லை.

இத்தனை போர்வைகளைக் கண்ட ஆமிக்காரனுக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே குத்திப் பார்க்கக் கம்பியை எடுத்தான்.

“மஹத்தயா, குத்த வேண்டாம், ஒரிஜினல்,” என்று சித்தப்பா சிங்களத்தில் கெஞ்சினார்.

“குண்டு தேடுறவனிட்டைப் போய் ஒரிஜினல் எண்டு சொல்லுறியள்,” என்றார் பக்கத்தில் நின்ற சித்தி.

கம்பிக்குப் பயந்து சித்தப்பா தானே போர்வைகளைக் கழற்றினார். கடைசியாகப் பொலித்தீனை இழுத்தபோது தோலும் அதோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றின் ஈரம் வருடக்கணக்காக உள்ளே அடைபட்டுக் கிடந்திருக்கிறது. மிஞ்சியது, தோலின் நிறமே தெரியாதபடி பூஞ்சணம். ஆமிக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, போகலாம் என்று கைகாட்டினான்.

அந்தத் தோல் கடுஞ்சிவப்பு என்று சித்தப்பா சொல்லிவந்தார். சித்தி மண்ணிறம் என்றார். எது சரியென்று நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.