கோயில் வளைவில் ஏறாத வேன்

"இந்த வளைவு ஏறுறதுக்குள்ள எனக்குத் தல நரைச்சிரும்."

சுமித்ரா தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சொல்வது இதுதான். பலாங்கொடைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவளுடைய பழைய டீசல் வேன். மலைப்பாதையில் கோயில் வளைவு வந்ததும் அது வெள்ளைப் புகை கக்கி நின்றுவிடும். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பையை வைத்துவிட்டு இறங்கி நடப்பார்கள். வெறும் வேன் முக்கி முனகி மேலே போய்க் காத்திருக்கும்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஒனக்கு கியர் மாத்தத் தெரியல," என்பார் புருஷன் சுரேந்திரன்.

"அப்ப நீங்களே ஓட்டுங்க."

"எனக்கு ஃபெக்டரி வேல இருக்கே."

மழை பிடித்ததும் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பிரேமலதா வந்து நின்றாள். "கோவிக்காதீங்கக்கா. புள்ள நனைஞ்சி வருது. அடுத்த மாசம் த்ரீவீல் ஆட்டோவுல அனுப்பப் போறோம். மத்தவங்களும் அப்பிடித்தான் பேசிக்கிறாங்க."

பிள்ளைகள் போனால் வேன் எதற்கு? விற்றுவிட்டு, பழையபடி கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

சனிக்கிழமை டவுனில் மெக்கானிக் புவாட் நானாவின் கராஜுக்கு வேனைக் கொண்டுபோனாள். ஏமாற்றிவிடுவார்கள் என்று சுரேந்திரனும் கூடவே வந்தார். நானா டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி, பெல்ட் ஓடும் பல்சக்கரங்களில் உள்ள அடையாளங்களைப் பார்த்தார். இரண்டு சரியாக நின்றன. டீசல் பம்பின் சக்கரம் மட்டும் விலகி நின்றது.

"பெல்ட்ட மாத்துனது யாரு, தங்கச்சி? ஒரு பல்லு தள்ளி இரிக்கி. டீசல் பிந்திப் போவுது. எப்பிடி மல ஏறும்?"

சுமித்ரா சுரேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். சுரேந்திரன் எதிர்க்கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றார் கடைசியில். "யூடியூப்ல பாத்துத்தான் போட்டேன். ரெண்டு அடையாளந்தான் காட்டுனான். மூணாவது ஒண்ணு இருக்குன்னு சொல்லல."

"நீங்க பாத்தது பெட்ரோல் வண்டி, தம்பி. அதுல டீசல் பம்பு இல்லையே."

"எனக்கு கியர் மாத்தத் தெரியலன்னீங்க," என்றாள் சுமித்ரா.

"அதுவும் இருக்கு."

நானா மூன்று அடையாளங்களையும் நேருக்கு நேர் நிறுத்தி, வெள்ளைப் பெயின்ட் வைத்து, புது பெல்ட்டை மாட்டினார். சுரேந்திரன் உடனே சாவிக்குப் போனார்.

"பொறுங்க. கையால ரெண்டு சுத்து சுத்திப் பாப்போம். பிழையா இருந்தா இப்பவே தெரிஞ்சிரும். ஸ்டார்ட் பண்ணுன பொறகு தெரிஞ்சா எஞ்சின் போயிரும்."

சுற்றினார். மூன்றும் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றன.

திங்கட்கிழமை வளைவு வந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல் பையைக் கீழே வைத்தார்கள்.

"யாரும் எறங்க வேணாம். உக்காருங்க."

வேன் நிற்காமல் ஏறியது. பிள்ளைகள் ஜன்னல் வழியே வளைவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரேமலதாவின் மகள்தான் கேட்டாள்: "அப்ப கொய்யாக்கா, அக்கா?"

நடக்கும்போது வளைவில் பறித்துத் தின்ற கொய்யாக்காய் அவளுக்குப் போய்விட்டதாம். மழை இல்லாத நாட்களில் சுமித்ரா இப்போது அந்தக் கொய்யா மரத்தடியில் அவளாகவே வேனை நிறுத்துகிறாள். த்ரீவீல் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பலாங்கொடைப் பக்கம் போனால், பள்ளிக்கூடம் விடும் நேரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நீல வேனைத் தேடுங்கள். சுமித்ராவைப் போய்ப் பாருங்கள். இடமிருந்தால் வளைவு வரை ஏறிப் போய் வாருங்கள். கியரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.