மைனஸ் நைன்

நல்லுசாமி அருப்புக்கோட்டைக்காரர். மத்திகிரியில் வாடகை வீடு. ஜூஜுவாடி பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் சர்வர் அறையில் பதினோரு வருடமாக வேலை. கையில் கிரீஸ் படாத மனிதர் என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும். தகட்டை அழுத்தி வெட்டும் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் அவருடைய லினக்ஸ் சர்வரில் ஒரு புரோகிராம் ஓடியது. அது நின்றால் பிரஸ்ஸும் நிற்கும்.

எந்தப் புரோகிராம் சிக்கியிருக்கிறது என்று ‘பி.எஸ்.’ கட்டளை அடித்துப் பார்ப்பார். அதன் எண்ணைப் பிடித்து ‘கில்’ கொடுப்பார். கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பு என்று அதற்கு அர்த்தம். அதற்கும் அசையாவிட்டால் ‘கில் மைனஸ் நைன்’. அதில் பேச்சுவார்த்தையே கிடையாது, அந்த நொடியே கதை முடிந்தது. ஆனால் நைன் போடுமுன் பிரஸ் லைனுக்குப் போன் போட்டு, மிஷினுக்குள் ஆள் இருக்கிறதா என்று கேட்காமல் அவர் விரலை அசைத்ததில்லை.

காரணம் உண்டு. டை என்னும் அச்சை மாற்றப் பிரஸ்ஸுக்குள் கை விடும் பிட்டர், முன்பெல்லாம் மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நேரம் வீணாகிறதென்று நிர்வாகம் அதை ஒழித்தது. இப்போது கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். வெளியே வந்து மறுபடி காட்டும்வரை புரோகிராம் பிரஸ்ஸை ஓடவிடாது.

அன்று மதியம் ஷிப்ட் மாறுகிற நேரம். நாலாம் நம்பர் பிரஸ் நின்றுவிட்டது. வெளியே லாரி காத்திருந்தது. புரொடக்சன் மேனேஜர் மணிவேல் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நல்லுசாமி ‘கில்’ கொடுத்தார். போகவில்லை. நான்கு முறை கொடுத்தும் போகவில்லை. லைனுக்குப் போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை.

“நைன் போடுங்க சார். எவ்ளோ நேரம்?” என்றார் மணிவேல்.

போட்டார். புரோகிராம் செத்து, புதிதாக எழுந்தது. உள்ளே யார் போனார் என்ற பழைய கணக்கு எதுவும் அதற்கு நினைவில்லை. அடுத்த நிமிடம் பிரஸ் இறங்கியது. உள்ளே டை மாற்றிக்கொண்டிருந்த பிட்டர் மாதப்பனின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

சாயங்காலம் நல்லுசாமி, புரோகிராம் தன் பதில்களைப் பதிந்து வைக்கும் லாக் பைலைத் திறந்தார். ஒரே வரி நான்கு முறை பதிந்திருந்தது: புரோகிராமை நிறுத்த இயலாது, உள்ளே ஒரு ஆள். சிக்கியதென்று அவர் நினைத்த புரோகிராம் சிக்கவே இல்லை. மாதப்பனுக்காகப் பிடிவாதம் பிடித்து நின்றிருக்கிறது.

அந்த பைலை அழிக்கச் சொன்னார் மணிவேல். பிட்டர் கார்டு காட்டாமல் அலட்சியமாக உள்ளே போனார் என்று அறிக்கை தயாராகிவிட்டதாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் நல்லுசாமி அழித்தார். வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்வது?

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் மாதப்பன், பக்கத்தில் அவர் மனைவி சரோஜம்மாள். மாதப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

“கார்டு காட்டுனதாத்தான் நெனப்பு சார். எல்லாரும் காட்டலீன்னு சொல்றாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்குதுங்க.”

“காட்டுனீங்கண்ணே,” என்றார் நல்லுசாமி. “உள்ள ஆள் இருக்குன்னு மிஷினு நாலு தடவை சொல்லுச்சு. நாந்தான் கேக்காம நைன் போட்டேன். சொன்னதுக்கு இருந்த சாட்சியையும் அழிச்சுட்டேன்.”

சரோஜம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மாதப்பன் இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“இதை எழுதிக் குடுப்பீங்களா?”

வேலை, வாடகை, ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் நல்லுசாமிக்கு ஒருசேர நினைவுக்கு வந்தன. காகிதம் கேட்டார். சரோஜம்மாள் மருந்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மாதப்பன் இடது கையால் அதைப் பிடித்துக்கொள்ள, நல்லுசாமி தன் பெயரை முதலில் எழுதினார்.